அத்தியாயம் 5: காலேஜா, ஐடிஐயா?

மே மாதம் வந்துவிட்டால் குஜிலியம்பாறைச் சுற்றுவட்டத்தில் ஒரே பேச்சுத்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்திருக்கும். டீக்கடையிலும் கூட்டுறவு சொசைட்டி வாசலிலும் பார்ப்பவரெல்லாம் கேட்பார்கள்: "பையனை எதுல சேர்க்கப் போறீங்க?" பெரும்பாலான அப்பாக்கள் சொல்லும் பதில், "எப்படியாச்சும் ஒரு டிகிரி வாங்கிரட்டும்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்."

அந்த 'அப்புறம்' என்ன ஆகிறது என்பதை யோசிக்காமல் விடுவதால்தான் பல வீடுகளில் மூன்று வருடமும் கொஞ்சம் நிலமும் சேர்ந்து போகின்றன. எந்தப் படிப்பு உயர்ந்தது என்பதை இங்கே பேசப் போவதில்லை. நம் ஊர்ப் பிள்ளை ஒன்று 25 வயதில் தன் சம்பாத்தியத்தில் நிற்க வேண்டுமானால் 15 வயதிலும் 17 வயதிலும் எதைக் கேட்டு, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு படிப்பில் சேரும் முன், அது முடிந்ததும் காசு கொடுக்கப் போகிறவர் யார் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். ஒரு கம்பெனியோ, ஒரு மில்லோ, ஊரில் மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகளோ, அரசாங்கத்தின் ஒரு குறிப்பிட்ட பணியிடமோ, எதுவாகவும் இருக்கலாம். சொல்ல முடியவில்லை என்றால் சேர வேண்டாம். கல்லூரிக்கும் இதுதான் சட்டம், கைத்தொழிலுக்கும் இதுதான் சட்டம்.

டிகிரி ஆசை வெறும் பகட்டு இல்லை

பட்டம் வேண்டும் என்று தவிக்கும் பெற்றோரைப் பார்த்து, "எல்லாரும் டிகிரி படிச்சா யாரு வேலை செய்யறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் இதைக் கேட்பவர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில்தான் இருப்பார்கள். அந்தக் கேள்வியை நான் ஏற்பதில்லை.

1953-இல் அன்றைய சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் மட்டும் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், சலவைத் தொழிலாளி மகன் வெளுக்கவும்தானா என்று தமிழ்நாடே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 1954-இல் முதல்வரான காமராசர் அதைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பயம் நம் வீடுகளில் இருக்கிறது. இருப்பது நியாயமும் கூட. ஒரு தலைமுறைக்குத் தொழில் என்றால் சாதி. படிப்பு என்றால் அதிலிருந்து வெளியே வரும் வழி. தாத்தா பண்ணையில் வேலை பார்த்த வீட்டில் பேரன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று கல்யாணப் பத்திரிகையில் அச்சாவதை வெறும் காகிதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

அதனால் தொழிற்கல்வியை நான் சொல்லும்போது ஒரு நிபந்தனையோடுதான் சொல்கிறேன். தொழிலைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டின் சாதியோ அப்பாவின் வேலையோ அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மேலே படிக்கும் கதவும் மூடாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தொழிற்பயிற்சி பழைய திட்டத்தின் மறுபதிப்பாகவே இருக்கும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதினரில் 100-க்கு 47 பேர் என்ற விகிதத்தில் உயர்கல்வியில் சேர்ந்திருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 28-தான். பெருமைப்பட வேண்டிய எண். 47 பேருக்கும் பட்டத்துக்கு ஏற்ற வேலை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு கணக்குக் கொடுத்தது. 2022-இல் பட்டதாரி இளைஞர்களில் வேலையில்லாதோர் 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 சதவீதம்.

இதை வைத்துக்கொண்டு "படிச்சவனுக்குத்தான் வேலை இல்லை" என்று மேடையில் பேசுகிறார்கள். அது அரைகுறையான வாசிப்பு. படிக்காத பையன் வேலையில்லாமல் இருக்க முடியாது. அடுத்த வேளைச் சோற்றுக்குக் கிடைத்த கூலிக்குப் போய்விடுவான். பட்டதாரி காத்திருக்கிறார், காத்திருக்க வீடு இடம் கொடுக்கிறது. ஆயுள் முழுவதுக்கும் கூட்டிப் பார்த்தால் மாதச் சம்பள வேலையில் இருக்கும் பட்டதாரி அன்றாடக் கூலிக்காரரை விட அதிகம்தான் சம்பாதிக்கிறார். காத்திருக்கும் காலம் எத்தனை வருடம், அதற்கு யார் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் நம் ஊரின் சிக்கல் இருக்கிறது.

அந்தக் காத்திருப்பு எங்கே நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் குரூப் 4 தேர்வைப் பாருங்கள். 2024 ஜூன் மாதம் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பிறகு கூட்டிக் கூட்டி 9,000-த்தைத் தாண்டியது. எழுதியவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். ஒரு இடத்துக்கு 150-க்கும் மேற்பட்டவர்கள். கேட்கும் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. எழுதியவர்களில் பி.ஏ., பி.எஸ்சி., பி.இ. முடித்தவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். பத்தாம் வகுப்புக்கான வேலைக்கு டிகிரி முடித்துவிட்டு, கோச்சிங் சென்டருக்கும் பணம் கட்டி, மூன்று நான்கு வருடம் உட்கார்வது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. தேர்வை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் ஒரு வருமானத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்கிறேன்.

இந்த மண்ணில் காசு கொடுப்பவர் யார்

குஜிலியம்பாறை மழையை நம்பிய வறண்ட பூமி. ஆற்றுப் பாசனம் கிடையாது. திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவில் இருப்பதுதான் ஊருக்கு இருக்கும் வசதி. இரண்டு பக்கமும் பஸ் உண்டு. கரிக்காலியில் செட்டிநாடு சிமெண்ட் ஆலை. வேடசந்தூர், எரியோடு, வடமதுரை பக்கம் நூல் மில்கள். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி கம்பெனிகள், கொசுவலைத் தறிகள். திண்டுக்கல்லில் பூட்டும் தோல் பதனிடுதலும் இன்று முன்போல் ஆள் எடுப்பதில்லை. அவற்றை நம்பி ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் என்ன ஆள் வேண்டும் என்று பாருங்கள். சிமெண்ட் ஆலைக்கு ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், கருவிகளைப் பார்க்கும் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். மில்லுக்கு மெயின்டனன்ஸ் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும். பஸ் பாடிக்கு வெல்டர், டிங்கர், பெயின்டர், வயரிங் ஆள். வேதியியல் பட்டதாரி, கணக்குப் பட்டதாரி, எம்.பி.ஏ. ஆகியோருக்கும் அங்கே இடம் உண்டு. ஆனால் ஒரு அலுவலக நாற்காலிக்குப் பல மடங்கு ஆட்கள் ஷிப்டில் நிற்கிறார்கள்.

கம்பெனிகளை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே ஒரு வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். நீர்மட்டம் கீழே போகப் போக, கிணற்று மேட்டில் இருந்த மோட்டார் போய் எல்லாத் தோட்டத்திலும் போர்வெல்லும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்துவிட்டன. அவை காய்ந்து போகும், சிக்கிக்கொள்ளும், எரியும். கோடையில் மோட்டார் நின்றால் நாலு நாளில் பயிர் போய்விடும். அந்த விவசாயி காசு கொடுப்பாரா என்று கேட்கவே வேண்டாம்.

தண்ணீர் வரவில்லை என்று போன் வந்ததும், அரைகுறையாகக் கற்றவன் சங்கிலியும் செயின் பிளாக்கும் எடுத்துக்கொண்டு போய்க் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கிவிடுவான். ஒழுங்காகப் பயின்றவன் முதலில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, மூன்று வயரிலும் டங் டெஸ்டரைப் போட்டு ஆம்பியர் பார்ப்பான். ஒரு வயரில் ஒன்றுமே காட்டாவிட்டால் ஒரு ஃபேஸ் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு டிரான்ஸ்பார்மர் பீஸையும் ஸ்டார்ட்டர் கான்டாக்டையும் பார்க்க வேண்டும். மூன்றிலும் வழக்கத்தை விடக் குறைவாகக் காட்டினால் மோட்டார் சுமையில்லாமல் ஓடுகிறது: போரில் தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லையென்றால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் இடம் உடைந்திருக்கும். மூன்றிலும் அளவுக்கு மேல் காட்டினால் வோல்டேஜ் குறைவோ, மணல் ஏறிய பம்போ. மின்சாரத்தை நிறுத்திவிட்டு மெக்கர் வைத்துப் பார்த்து, எர்த் ஆகிறது, ஆனால் மூன்று ஃபேஸுக்கு இடையே உள்ள மின்தடை சமமாகவே இருக்கிறது என்றால், மோட்டாரைக் குறை சொல்லும் முன் கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று சந்தேகப்படுவான். தேவையில்லாமல் ஒரு முறை மோட்டாரைத் தூக்குவதைத் தவிர்த்தாலே விவசாயிக்குச் சில ஆயிரம் மிச்சம். அடுத்த தடவை ஊரே அவனைத்தான் கூப்பிடும்.

எரிந்த மோட்டார் வைண்டிங்குக்கு வந்தால் இன்னும் நுட்பம். எரிந்த காயிலை வெட்டி எறியும் முன் எத்தனை ஸ்லாட், ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பியின் கேஜ் என்ன, காயில் எந்த ஸ்லாட்டில் தொடங்கி எந்த ஸ்லாட்டில் முடிகிறது என்று நோட்டில் எழுதிவைக்க வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகி மறுபடி எரியும். தண்ணீர் நிரப்பிய நீர்மூழ்கி மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. சாதாரண மோட்டாருக்கு எனாமல் கம்பி, வார்னிஷ். ஏன் எரிந்தது என்று விவசாயிக்குச் சொல்லத் தெரிவதும் வேலையில் ஒரு பகுதி. மூன்று ஃபேஸ் வராத நேரத்தில் கெப்பாசிட்டர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுகிறார்கள் நம் பக்கத்தில். பல மோட்டார்கள் எரிவதற்கு அதுதான் காரணம். அதை எடுத்துச் சொல்லும் மெக்கானிக்குக்கு அந்த ஒரு வைண்டிங் குறையலாம்; நம்பிக்கை கூடும்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. இந்த வேலையை நம் ஆட்களே 'ஸ்பேனர் பிடிக்கிற வேலை' என்று ஒதுக்குகிறார்கள். இதில் இருக்கும் மின்னியல் பி.இ. வகுப்பில் சொல்லித் தருவதுதான்.

சான்றிதழ் இல்லாத கை

தொழில் கற்பதற்கு நம் ஊரில் பழைய வழி, யாராவது மேஸ்திரியிடம் கையாளாகப் போவது. வேலை நன்றாகவே வரும். குறை ஒன்றுதான்: பத்து வருடம் கழித்தும் கையில் ஒரு காகிதம் இருக்காது. சிமெண்ட் ஆலை வாசலில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், வங்கி கடன் கொடுக்காது, ரயில்வே விண்ணப்பத்தில் நிரப்ப ஒன்றும் இருக்காது. வேலை தெரிந்தவர் கான்ட்ராக்டருக்குக் கீழே தினக்கூலியாகவே நிற்பார். ரிசர்வ் வங்கித் தொகுப்பின்படி 2022-23-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி சுமார் 500 ரூபாய்; கேரளத்தில் 850-ஐத் தாண்டியது. வேலை தெரிந்தவருக்கு இதைவிடக் கூடவே கிடைக்கும். ஆனாலும் மழை பெய்தால், கல்யாணம் காட்சி வந்தால், அன்றைக்கு ஒன்றுமில்லை.

அதனால் தொழிலைக் கற்பவர் அதற்கான சான்றிதழையும் சேர்த்தே வாங்க வேண்டும். வழி ஐடிஐ. இந்தத் திட்டம் 1950-இல் தொடங்கியது. 14 வயது நிரம்பினால் சேரலாம். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. வெல்டர், வயர்மேன் போன்றவற்றுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பு. வெல்டர் ஒரு வருடம். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருடம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ், சீருடை, ஷூ, வரைபடக் கருவிகள் எல்லாம் அரசே கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்; 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. இரண்டும் கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐடிஐயில் சேர்ந்தாலும் உண்டு.

திண்டுக்கல், கரூர் இரண்டிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம் பொதுவாக மே, ஜூன் மாதங்களில். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இடங்கள்தான் முதலில் நிரம்பும். கல்லூரிக்கு முயன்று பார்த்துவிட்டு வரலாம் என்று ஜூலை வரை காத்திருந்தால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, சிஎன்சி இயந்திரங்கள் கொண்ட 4.0 மையங்களை அமைத்திருக்கிறது. கூடுதலாகப் படிக்கும் வசதி வாய்த்தால் சிஎன்சி பக்கம் போகச் சொல்வேன். கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் கேட்பது அதைத்தான்.

தனியார் ஐடிஐயில் சேர்க்க நேர்ந்தால் மூன்றைப் பாருங்கள். நீங்கள் சேரும் அந்தத் தொழிற்பிரிவுக்கு என்சிவிடி அங்கீகாரம் இருக்கிறதா என்பது ஒன்று. நிலையத்துக்கு இருந்தாலும் பிரிவுக்கு இல்லாமல் போவதுண்டு. பட்டறையில் இயந்திரம் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்பது இன்னொன்று. மாணவர்களின் கையைப் பாருங்கள், இது மூன்றாவது. இரண்டாம் வருட வெல்டிங் மாணவர் கையில் ஒரு சூட்டு வடு கூட இல்லை என்றால் அங்கே ராடு எரியவில்லை.

ஐடிஐ முடித்த கையோடு அப்ரன்டிஸ். இதைத் தவறவிடுகிறவர்கள்தான் பிறகு "ஐடிஐ முடிச்சும் பிரயோஜனம் இல்லை" என்கிறார்கள். 1961-இல் வந்த அப்ரன்டிஸ் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2019 திருத்தத்தில் ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்றும் பட்டதாரிக்கு 9,000 என்றும் வைத்தார்கள். நமக்கு எட்டும் தூரத்தில் திருச்சி இருக்கிறது: திருவெறும்பூரில் பெல், பொன்மலையில் ரயில்வே பணிமனை. இரண்டும் ஐடிஐ பழகுநர்களை எடுப்பவை. பாய்லர் வெல்டிங்கில் நாட்டுக்கே பெயர் பெற்ற இடம் திருச்சி. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975-இல் அங்கே வந்தது. உயர் அழுத்தக் குழாய்களை வெல்டிங் செய்யத் தனித் தேர்வும் சான்றும் உண்டு. கேட் கிரில் பற்றவைக்கும் வெல்டரும் அந்தச் சான்று பெற்றவரும் வாங்கும் கூலிக்கு நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் பிள்ளைகளுக்கு இன்னொரு படி. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் மின்கம்பியாளர் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பி லைசன்ஸ் என்று சொல்வார்கள். பிறகு அனுபவம் கூடியதும் ஒப்பந்ததாரர் உரிமம். புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க உரிமம் பெற்றவரின் சோதனை அறிக்கை வேண்டும் என்பதால், உரிமம் உள்ளவரிடம் வேலை தானாக வரும். ஐடிஐ படிக்காமல் வயரிங் வேலையில் ஐந்து வருடம் பழகியவருக்கு மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. வயது 21 ஆகியிருந்தால் போதும், பள்ளிப் படிப்பு கேட்பதில்லை.

மேலே படிக்கும் கதவு? திறந்தே இருக்கிறது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருட ஐடிஐ முடித்து, பன்னிரண்டாம் வகுப்பின் மொழித் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றும் கிடைக்கும். இந்த வழியில் பி.இ. முடிக்கக் கூடுதலாக ஓரிரு வருடம் ஆகும்; ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒரு வேலைக்கான சான்று இருக்கும். வீட்டில் திடீரென்று நோய் நொடி வந்து படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டார். பி.இ. மூன்றாம் ஆண்டில் நிறுத்தியவரிடம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்போது காலேஜ்

டிகிரி இல்லாமல் நுழையவே முடியாத வேலைகள் இருக்கின்றன. பட்டதாரி ஆசிரியர், வக்கீல், வேளாண்மை அலுவலர், வங்கி அதிகாரி. பிள்ளைக்கு அதில் பிடிப்பும் மதிப்பெண்ணும் இருந்தால் தயங்காதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை 2010 முதல் இருக்கிறது. இந்த வசதி கிடைத்தும் "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று விடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

கலை அறிவியல் பட்டம் என்றால் வேடசந்தூர் அரசுக் கல்லூரியோ கரூர் அரசு கலைக் கல்லூரியோ போதும்; செலவு சொற்பம். அதே பி.காம்., அதே பி.எஸ்சி. கணினி அறிவியலுக்குத் தனியார் கல்லூரியில் நகையை அடகு வைத்துக் கட்டும் முன், அந்தக் கல்லூரியில் அதே பாடம் படித்து முடித்த நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலரைத் தேடிப் பிடித்து இப்போது என்ன செய்கிறார்கள், என்ன சம்பளம் என்று கேளுங்கள். கல்லூரி வாசலில் தொங்கும் பிளெக்ஸ் பேனரில் இருப்பவர்களை விட்டுவிட்டு, பஸ்ஸில் உங்களோடு வருபவர்களைக் கேளுங்கள். மூன்று பேரில் இருவர் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலையிலோ, வீட்டிலோ இருந்தால் அதுதான் உங்கள் பிள்ளைக்கும் நடக்கப் போவது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் என் கணக்குக் கொஞ்சம் மாறும். நம் பக்கத்தில் பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு பாதைதான் வைக்கிறார்கள்: மில் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம். அங்கே மூன்று வருடக் கல்லூரி என்பது சம்பளத்தைத் தாண்டிய பாதுகாப்பு. கல்யாணத்தைத் தள்ளிப்போடும், வெளியுலகம் பழகும், தனியாகப் பஸ் ஏறும் துணிச்சல் வரும். அதற்காகவே படிக்க வைக்கலாம். அதோடு நிறுத்திவிடாமல் பட்டத்துடன் ஒரு தொழில் சான்றையும் சேர்த்துவிடுங்கள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், சிவில் டிராப்ட்ஸ்மேன், கணினி இயக்குநர் பிரிவுகளில் பெண்கள் படிக்கிறார்கள். மோட்டார் வைண்டிங் பட்டறைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலைதான். அதைப் பெண் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் கிடையாது.

மாப்பிள்ளை பார்க்கும்போது டிகிரி கேட்கிறார்களே என்பார்கள். கேட்கத்தான் செய்கிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியாக ஒரு பட்டம் வாங்கிக்கொள்ளலாம். கல்யாணச் சந்தைக்காகக் கையில் உள்ள மூன்று வருடத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

உடம்பும் வெளிநாடும்

கைத்தொழிலின் விலை உடம்பு. இதைச் சொல்லாமல் விடும் ஆலோசகர்களை நம்பாதீர்கள். கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பார்த்த கண், சாரத்திலிருந்து விழுந்த இடுப்பு, கொத்தனாரின் மூட்டு, எல்லாம் ஐம்பது வயதில் கணக்குக் கேட்கும். அதனால் முப்பது வயதுக்குள் கூலியாளிலிருந்து ஒப்பந்ததாரராகவோ, மேற்பார்வையாளராகவோ, சொந்தப் பட்டறைக்காரராகவோ மாறும் திட்டம் இருக்க வேண்டும். கம்பெனி வேலை என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று முதல் மாதமே கேளுங்கள். வெளிவேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர், பெயின்டர் எல்லோரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 வயது முதல் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதில் ஓய்வூதியம், பணியிடத்தில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு நிதியுதவி என்று உரிமைகள் இருக்கின்றன. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டு, விபத்துக்குப் பின் அலைகிற குடும்பங்கள் நம் ஒன்றியத்திலேயே உண்டு.

வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் சென்னையிலுள்ள அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். 1978 முதல் இயங்குகிறது. தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் உரிம எண்ணைக் கேளுங்கள். அவர் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக் கணக்கில் கேட்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை முத்திரை விழாது. வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர் பத்தாவதைக் கட்டாயம் முடித்துவிட வேண்டும்.

ஏற்கெனவே டிகிரி முடித்து வீட்டில் இருப்பவருக்கு

வயது 23, 24. குரூப் 4 ஒன்றிரண்டு முறை எழுதியாயிற்று. "இனிமே போய் ஐடிஐயில சின்னப் பசங்களோட உட்காரச் சொல்றீங்களா?" என்று கேட்கத் தோன்றும். உட்காரலாம், வயது இடம் கொடுக்கிறது. அதற்கு மனம் வராவிட்டால் மாவட்டத்திலுள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துக்குப் போங்கள். ஆர்செட்டி என்று கேட்டால் சொல்வார்கள். செல்போன் பழுதுபார்ப்பு, குளிர்சாதனம், வயரிங், தையல் என்று குறுகிய காலப் பயிற்சி, இலவசம், சாப்பாட்டோடு. ஏற்கெனவே ஏதாவது பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தவர் அகில இந்தியத் தொழில் தேர்வைத் தனித்தேர்வராக எழுதி, ஐடிஐ முடித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றைப் பெறலாம். அதற்கு வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்று வேண்டும். முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்த பிறகு அது கிடைக்காது. வேலையில் இருக்கும்போதே, சேர்ந்த தேதியும் பார்த்த வேலையும் எழுதி, முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பட்டறை வைக்கும் எண்ணம் இருந்தால் திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் இரண்டு திட்டங்களைக் கேளுங்கள். ஒன்று வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டம்; அதற்கு எட்டாம் வகுப்பு படித்திருந்தாலே போதும். திட்ட மதிப்பீட்டில் 25 சதவீதம் மானியம். டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டம். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொழில்களுக்கு. போகும்போது ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: உங்கள் ஊரைச் சுற்றி எத்தனை போர்வெல், இப்போது விவசாயிகள் வைண்டிங்குக்கு எந்த ஊர் போகிறார்கள், பஸ்ஸில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போய்வர எத்தனை நாள் ஆகிறது. அங்கே மேனேஜர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில்.